என் பேரில் இரண்டு சீட்

கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் சீட் பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. என் மனைவி என்னைப் பற்றிச் சொல்லும் இரண்டொரு நல்ல வார்த்தைகளில் இதுவும் ஒன்று. பஸ் உள்ளே வந்து திரும்பும்போதே நான் கூடவே ஓடுவேன். திறந்திருக்கும் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் லேஞ்சியைச் சீட்டில் போட்டுவிடுவேன். கைக்குட்டையைத்தான் நாங்கள் லேஞ்சி என்போம். லேஞ்சி விழுந்துவிட்டால் சீட் நம்முடையது. பிறகு ஆறுதலாக ஏறலாம். நம்மில் யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம். எவ்வளவு நெரிசல் என்றாலும் பிறத்தியார் அதைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார மாட்டார்கள். அந்தத் துணிக்கு இந்த ஊரில் அப்படியொரு மரியாதை.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பஸ் நின்றால் எங்கள் ஏற்பாடு இன்னும் விசேஷம். ஒன்றில் நான் லேஞ்சியைப் போடுவேன், மற்றதில் மனைவி குடையை வைப்பாள். எது முதலில் கிளம்பும் என்று தெரிகிறதோ அதில் ஏறிக்கொண்டு, மற்றதில் வைத்ததை எடுத்துக்கொள்வோம். இதில் என்ன பிழை என்று எங்களை யாரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

என் மனைவியின் தம்பிக்கு மட்டும் இது பிடிக்காது. முப்பது வயது ஆள். கம்பளையில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலை. தினமும் கண்டியிலிருந்து போய்வருகிறான், பாதி நாள் நின்றுகொண்டே. சீட் கிடைத்தாலும் யாராவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் எழுந்து கொடுத்துவிடுவான். நான் ஓடிப் பிடித்துக் கொடுத்த சீட்டுகளில் எத்தனையை ஊருக்குத் தானம் செய்தானோ தெரியாது. கேட்டால், கூச்சமாக இருக்கிறது அத்தான் என்பான். உட்காருவதில் என்ன கூச்சம் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

இவனைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ஒரு நாள் என் தலையில் விழுந்தது.

இவர்களுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளைத் திருச்சிப் பக்கம் உறவில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணம் இங்கே நடந்தது, அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு நோய் வந்து விமான நிலையத்தை மூடினார்கள். அது முடிந்தால் நாட்டில் பெற்றோல் வரிசை. அதுவும் முடிந்தால் எங்களுக்கு லீவு இல்லை, இல்லாவிட்டால் விசா இல்லை. ஆகமொத்தம் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் அவள் வாசலை மிதிக்கவில்லை. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததைக்கூட போனில்தான் பார்த்தோம். உன் ஆட்கள் எல்லாரும் போனுக்குள்ளேதான் குடியிருக்கிறார்களா என்று அவள் மாமியார் வீட்டில் சிரிப்பார்களாம். அவளும் சேர்ந்து சிரிப்பாளாம்.

அந்தக் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். தோடும் மாமன்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் சனத்தில் இதில் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் இவனால் போக முடியாமல் தள்ளிப்போட்டார்கள். மூன்றாவது நாள் குறித்தபோது மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாராம். இந்த முறையும் மாமன் வராவிட்டால் தங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிடுவோம் என்று. இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "அண்ணன் வந்திருவாருல்ல அக்கா?" என்று மட்டும் கேட்டாள். என் மனைவி போனை வைத்த கையோடு காலண்டரை எடுத்துப் பார்த்தாள்.

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பரீட்சை நேரம், லீவு கிடைக்காது.

"இவனத் தனியா அனுப்புனா பிளேன் சீட்டையும் யாருக்காச்சும் குடுத்துட்டு நிப்பான். நீங்க கூடப் போங்க" என்றாள்.

கம்பளையில் டிக்கட் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் இரண்டு பேருக்கும் டிக்கட் போட்டோம். காது குத்துக்கு முந்தின நாள் பகல் விமானம். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சடங்கு. தோடு கண்டியில் செய்து, ரோஸ் கடதாசியில் மடித்து வாங்கியாயிற்று. அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அலுவலகத்துக்கு எதிரே துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் பயணக் கதையைச் சொன்னேன்.

"தம்பி, டிக்கட் இரிக்கிறது வேற, சீட் இரிக்கிறது வேற" என்றார் நானா.

அவர் ஒரு தடவை துபாய் போகப் போய், டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே விமான நிலையத்தில் நின்றுவிட்டாராம். இருக்கிற சீட்டைவிடக் கூடுதலாக விற்பார்களாம். எப்படியும் ஒன்றிரண்டு பேர் வராமல் போவார்கள் என்று ஒரு கணக்காம். எல்லாரும் வந்துவிட்டால் கடைசியாகப் போனவன் வெளியேயாம். அதனால் முந்தின நாளே போனில் செக்-இன் செய்து, சீட் நம்பரை வாங்கிவிட வேண்டும், நேரத்தோடு போய் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

எனக்குத் தலையைக் குழப்பியது. நான் கண்டிக்கு வெளியே ஒரு பிரதேச சபை அலுவலகத்தில் கிளார்க். சபையின் மண்டபத்தைப் பதிந்து கொடுப்பதுதான் என் வேலை. ஒரு மண்டபம், ஒரு நாள், ஒரு குடும்பம். அதே நாளை இரண்டு கல்யாண வீட்டுக்குக் கொடுத்தால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து என்னைத் தோலை உரிப்பார்கள். விற்ற சாமானை இன்னொருவனுக்கு விற்பதை எந்தச் சட்டத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள்?

வராமல் போகிறவர்களையும் எனக்குத் தெரியும். நல்ல நாள் முடிவாகும் முன்பே இரண்டு நாளைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஒன்றுக்குத்தான் வருவார்கள். மற்ற நாளைக் கேட்டு வந்தவர்களை நான் இல்லையென்று திருப்பி அனுப்பியிருப்பேன். அப்படிப்பட்டவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்தால் கிழிகிழியென்று கிழித்து அனுப்புவேன். உங்களால் ஒரு பிள்ளையின் கல்யாணம் தள்ளிப்போச்சு தெரியுமா என்று கேட்பேன். கேட்கும்போது எனக்கு மிகவும் நியாயமாக இருக்கும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு மண்டபம் ஞாபகம் வரவில்லை. குட்ஷெட்தான் ஞாபகம் வந்தது. டோஹாவில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். அதே விமானத்தில் இன்னும் ஒரு சீட் பிடித்து வை என்றேன். யார் பேரில் என்று கேட்டான். யாருக்குச் சீட் இல்லையென்று சொன்னாலும் அவனை அதில் உட்காரவைக்க வேண்டியதுதான் என்பது என் கணக்கு. மைத்துனனின் பாஸ்போர்ட் விசாவுக்குப் போயிருந்தது. என் பாஸ்போர்ட் படம் போனில் இருந்தது.

"யார் பேரா இருந்தா என்னடா? சீட்டு நம்ம சீட்டுதானே" என்றேன்.

அவனும் கண்டியில் வளர்ந்தவன். அவனுக்கும் அதில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் டிக்கட் வந்துவிட்டது. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விமானத்துக்கு முந்தின நாள், செக்-இன் திறக்கும் நேரத்துக்கு, சாப்பாட்டுப் பார்சலைக்கூடப் பிரிக்காமல் நான் போனோடு உட்கார்ந்துவிட்டேன். என் டிக்கட்டுக்கு நான் செய்தேன். இரண்டாவதற்குத் தம்பி டோஹாவிலிருந்து செய்தான். பதினாலாவது வரிசையில் ஒன்று, இருபத்தோராவது வரிசையில் ஒன்று. மைத்துனனுக்கு மூன்று தடவை எடுத்துச் சொன்னேன். கடையில் ஆள் இருக்கிறது அத்தான், பூட்டிவிட்டுச் செய்கிறேன் என்றான். பொழுது சாய்ந்த பிறகு செய்து பார்த்தானாம். உங்கள் சீட் விமான நிலையத்தில் வழங்கப்படும் என்று வந்ததாம். இதை அவன் ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னான்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதற்காகத்தானே ஒன்று கூடுதலாகப் பிடித்து வைத்தேன்? மனைவியிடம் இரண்டு சீட்டையும் போனில் காட்டினேன். கெட்டிக்காரர்தான் என்றாள். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

விடியற்காலை குட்ஷெட்டில் நீர்கொழும்பு பஸ்ஸுக்கு ஓடி இரண்டு சீட் பிடித்தேன். பேராதனை தாண்டுவதற்குள் மைத்துனன் தன் சீட்டை ஒரு நோயாளி அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான். கடுகண்ணாவை மலை இறக்கத்தில் பஸ் வளைந்து வளைந்து இறங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே வந்தான். உன் அக்கா சொன்னது சரி என்றேன். சிரித்தான். பிளேனில் நிற்க விட மாட்டார்கள் என்றும் சொன்னேன். அதற்கும் சிரித்தான்.

கட்டுநாயக்காவில் கவுண்டர் திறக்கும் முன்பே நாங்கள் போய்விட்டோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. மைத்துனன் கவுண்டரில் இருந்த பெண்பிள்ளையிடம் தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். அந்தப் பிள்ளை தட்டிப் பார்த்தது, மறுபடியும் தட்டியது, யாருக்கோ போன் எடுத்தது. பிறகு சிங்களத்தில், கொஞ்சம் பக்கத்தில் நில்லுங்கள், இன்றைக்கு ஆட்கள் கூடுதல், சீட் மிஞ்சினால் கூப்பிடுகிறேன் என்றது.

நானா சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. ஆனாலும் நான் பதறவில்லை. இந்தத் தருணத்துக்கு நான் தயாராக வந்தவன். இருபத்தோராவது வரிசைச் சீட்டைப் போனில் எடுத்து அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டி, இதோ இருக்கிறது, இதில் இவனை உட்காரவையுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை போனைப் பார்த்தது, என் பாஸ்போர்ட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு எங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வரிசையெல்லாம் ஓய்ந்த பிறகுதான் உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

"ஐயா, இது உங்கட பேரில எல்லோ இருக்கு" என்றார்.

என் பேரில் இருந்தால் என்ன, இவனுக்காகத்தான் பிடித்து வைத்தேன் என்றேன். அவர் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, பதினாலாவது வரிசையும் உங்கள் பேரில்தான் இருக்கிறது என்றார். ஆமாம், அதில் நான் இருப்பேன், இதில் இவன் இருப்பான் என்றேன். இவ்வளவு தெளிவாக ஒரு மனிதனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது? அவரோ நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஒரு ஆளுக்கு எப்பிடி ரெண்டு சீட் குடுத்தவை எண்டு எனக்கே விளங்கேல்ல."

ஒரு டிக்கட்டில் அப்பா பேர் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருந்ததால் கம்பியூட்டர் என்னை இரண்டு ஆள் என்று எடுத்துக்கொண்டிருக்கும் என்று அந்தப் பிள்ளை சொன்னது. எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் இரண்டில் ஒரு ஆள் இவன் என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். சீட் ஒருவருடைய பேருக்குத்தான், இன்னொருவர் அதில் போக முடியாது. கூடுதலான சீட்டை ரத்துச் செய்யலாம். ஆனால் அது நேரே இவனுக்கு வராது. சீட் இல்லாமல் இரண்டு பேர் நிற்கிறார்கள். முதலில் அந்தப் பெரியவர், அதற்குப் பிறகுதான் இவன். ஒன்று விடுபட்டால் அது அவருக்குப் போகும் என்று சொல்லிக் கையைக் காட்டினார்.

தூணுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்பே வந்தவர். நாங்கள் அவரைப் பார்ப்பதைக் கண்டு மரியாதைக்கு லேசாகச் சிரித்தார்.

"நான் பிடிச்ச சீட்ட அவருக்கு எப்படிங்க குடுப்பீங்க?" என்று நான் குரலை உயர்த்தினேன்.

"ஐயா, நீங்கள் பிடிச்சு வச்சபடியாத்தான் அவருக்கு இல்லாமப் போனது."

மண்டபத்துக்கு இரண்டு நாள் பதிந்துவிட்டு என் மேசைக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அது என் முகம். கூசிப்போனேன். இவ்வளவு நேரமும் யாரோ ஒரு திருடன் எங்கள் சீட்டை அமுக்கிவிட்டான் என்று உள்ளுக்குள் வைதுகொண்டிருந்தேன். நேற்றுப் பின்னேரம் மைத்துனன் செக்-இன் செய்யப் போனபோது மிச்சமிருந்த ஒரு சீட்டும் என் போனுக்குள்தான் இருந்திருக்கிறதா? இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வேறு விமானம் இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் பகல்தான். அது தரையிறங்கும் நேரத்தில் காது குத்தி, விருந்து முடிந்து, இலை எடுத்திருப்பார்கள். கவுண்டர் மூட இருபது நிமிஷம் இருந்தது. மைத்துனன் என் கையைத் தொட்டான்.

"நீங்க போங்க அத்தான். நான் நின்னுக்கிறேன்."

பஸ்ஸில் சொல்கிற அதே குரல். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. விமான நிலையம் என்றும் பார்க்கவில்லை.

"நான் போயி என்னடா செய்யிறது? நான் பெரியப்பன். பெரியப்பன் மடி எதுக்குடா எடுபடும்? ஒன் தங்கச்சி கேட்டது என்னையா, ஒன்னையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேலதிகாரி மேசையில் எதையோ தேடுவது போல நின்றார். அப்போதுதான் அந்தச் சின்னக் கணக்கு எனக்கு ஓடியது. சீட் இல்லாமல் நிற்பவர்கள் இரண்டு பேர். என் பேரில் இருப்பது இரண்டு சீட். எப்போதோ ஓடியிருக்க வேண்டிய கணக்கு.

இரண்டையும் விட்டுவிட்டால் இவன் நிச்சயம் போவானா என்று கேட்டேன். எழுதித் தந்தால் உடனே மாற்றுகிறேன் என்றார். படிவம் வந்தது. எத்தனையோ பேரிடம் ரத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கியவன், முதல் தடவையாக ஒன்றில் நான் போட்டேன். நானாகவே விட்டுக்கொடுத்ததால் மறுநாள் விமானத்தில் இடமும் இன்றைக்குச் சாப்பாடும் தருவார்களாம். விட்டுக்கொடுத்தது ஒரு சீட்டுக்குத்தான் சேருமாம், மற்றது வெறும் ரத்தாம். அது ஏன் அப்படி என்று அவர் விளக்கியது எனக்கு ஏறவில்லை. நாளைக்கு நிச்சயம் சீட் இருக்குமா என்று மட்டும் கேட்டேன்.

"பெரும்பாலும் இருக்கும் ஐயா" என்றார்.

அந்தப் பெரும்பாலும் என்ற சொல் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. காது குத்து முடிந்த பிறகு போய் யார் காதைப் பார்ப்பது என்றும் நினைத்துக்கொண்டேன்.

மைத்துனன் கையில் சீட் அட்டை வந்தது. பதினாலாவது வரிசை. அவனுக்கு முகமெல்லாம் வியர்த்து வழிந்தது. துடைக்க அவனிடம் ஒன்றுமில்லை. என் லேஞ்சியை எடுத்துக் கொடுத்தேன், நீலக் கட்டம் போட்ட பழைய லேஞ்சி. துடைத்துவிட்டுத் திருப்பித் தரப் போனான், வைத்துக்கொள் என்றேன். அவன் உள்ளே போக நாலு எட்டு வைத்த பிறகுதான் தோடு என் சட்டைப் பையில் இருப்பது ஞாபகம் வந்தது. கத்திக் கூப்பிட்டேன். ஓடி வந்து ரோஸ் கடதாசிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "போடா, எவனாச்சும் கேட்டா எந்திரிச்சுராத" என்றேன்.

அந்தக் கண்ணாடிப் பெரியவர் கடந்து போகும்போது நின்று என்னிடம் நன்றி சொன்னார். நான் ஏதோ பெரிய மனதோடு சீட்டை விட்டுக்கொடுத்தேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து தப்பினால் போதும் என்று ஆகிவிட்டது.

திரும்பும் பஸ் நிறைந்து வந்தது. நடு வழியில் ஒரு சீட் காலியானது. எட்டிப் போடலாம் என்று பையைத் துழாவினேன், லேஞ்சி இல்லை. வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றேன். காலையில் மைத்துனன் ஆடியது போலவே நானும் ஆடிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது போன் அடித்தது. அவன்தான். திருச்சியில் இறங்கிவிட்டானாம். தங்கை மாப்பிள்ளையோடு வாசலில் வந்து நிற்கிறாளாம். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

"அத்தான், பிளேன்ல மூணு சீட்டு சும்மாதான் கிடந்துச்சு" என்றான்.

என்னது என்றேன். கடைசிவரை மூன்று பேர் வரவேயில்லையாம். வேறு நாட்டிலிருந்து வந்து இதில் மாறி ஏற வேண்டியவர்களாம். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆள் கூடுதல் என்று எங்களை நிறுத்தினார்கள். நான் இறங்கினேன். பிறகு காலியாகப் பறந்தார்கள். அப்படியானால் நான் எதற்கு இறங்கினேன்? யாருக்காக இறங்கினேன்? நான் இறங்காவிட்டாலும் அந்த மூன்று பேர் வந்திருக்க மாட்டார்கள்தானே? பக்கத்தில் நின்றவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை என்றேன். அவர் அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவி கதையை முழுதாகக் கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். ரெண்டு சீட் பிடித்துவிட்டு வீடுவரைக்கும் நின்றுகொண்டா வந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சோறு போட்டாள். இரண்டு தடவை அவள் சிரிப்பை அடக்கியதை நான் கண்டும் காணாதது போல இருந்தேன். மறுநாள் எனக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்த லீவு, அதனால் வீட்டில்தான் இருந்தேன். அவளும் பரீட்சை மண்டபத்துக்கு அரைமணி நேரம் பிந்திப் போவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு வீடியோ கோல் வந்தது. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நேற்றுத்தான் பார்த்த ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊசி பட்டதும் வீரிட்டது. மாமன் முகம் குழந்தையின் முகத்தைவிட மோசமாகப் போனது. என் மனைவி இங்கே தன் காதைப் பொத்திக்கொண்டாள். தோடு ஏறியது. அந்த மாமியார் குனிந்து, தோட்டைத் தொட்டுப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்றார். தங்கையின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவள் போனைக் கையில் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டினாள். மண்டபம் நிறைய ஆட்கள். கதிரை போதாமல் சுவரோரம் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மாமனுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதன் மேல் நீலக் கட்டம் போட்ட என் லேஞ்சி விரித்துக் கிடந்தது.

"காலையில இருந்து ஒருத்தரையும் ஒக்கார விடல அத்தான்" என்றாள். "எங்க மாமனாரே வந்து கேட்டாரு. அண்ணன் எந்திரிச்சுத் தன்னோட கதிரைய அவருக்குக் குடுத்துட்டு நின்னுச்சே தவிர, இத விடல. அத்தானுக்குப் பிடிச்ச சீட்டுன்னு சொல்லிருச்சு."

நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.